ரசாயனத்தின் வாயில்

பொருள் என்பது யாது, அது எவ்வெந் நிலைகளில் நிற்கும் என்பதே ரசாயன சாஸ்திரம் பயிலப் புகும் மாணாக்கனுக்கு முதற் பாடம். இடத்தை அடைத்து நிற்பதும் நிறையுடையதும் பொருள். அது திடமாகவும், திரவமாகவும், வாயுவாகவும் இருக்கும். உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு மாறும். இவ்வளவையும் மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடலாம். முடித்துவிடலாம் என்பதனாலேயே இப்பாடத்துக்கு நமது தேசத்தில் மதிப்பில்லாமற் போயிற்று. சிறு வகுப்புகளில் இதை நெட்டுருப் பண்ணுவிக்கிறார்கள். பெரிய வகுப்புகளில் இதை வேண்டாமென்று விலக்கியே விட்டார்கள். இவ்விரண்டும் பெருந் தவறு என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

நடந்ததை முதலிற் கூறுவோம். 2022-ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பதினோராம் வகுப்பு ரசாயனத்தினின்று பொருளின் நிலைகள் என்னும் அத்தியாயத்தையும், பன்னிரண்டாம் வகுப்பினின்று திட நிலை என்னும் அத்தியாயத்தையும் நீக்குவதாக அறிவித்தது. 2023-ல் வெளிவந்த நூல்களில் அவை காணப்படவில்லை. வைத்தியக் கல்விக்குரிய நீட் தேர்வின் 2024-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தினின்றும் அவை மறைந்தன. தமிழ்நாட்டு அரசு 2018-லும் 2019-லும் வெளியிட்ட மேல்நிலை வகுப்பு நூல்களிலோ வாயு நிலைமையும் திட நிலைமையும் தனித்தனிப் பாடங்களாக இடம் பெற்றிருந்தன. இதற்காகத் தமிழ்நாட்டைப் பாராட்டவேண்டியதே. ஆயினும் நுழைவுத் தேர்வே கல்வியின் முடிவென்று எண்ணப்படும் இக்காலத்தில், தேர்வில் கேளாத பாடத்தை எத்தனை பள்ளிகள் மனமொப்பி நடத்தும்? புத்தகத்தில் இருப்பது வேறு, மாணாக்கன் அறிவில் இருப்பது வேறு.

பாடங்களைக் குறைத்ததற்குக் கூறப்பட்ட காரணங்களில் முதன்மையானது கொரோனா நோய். பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் மாணாக்கர்மேல் பாரம் ஏறியது என்றனர். பாரம் ஏறியது மெய்யே; மறுக்கவில்லை. ஆனால் அந்த நோயே இப்பாடத்தின் அவசியத்தை இந்தியா முழுவதற்கும் கற்பித்துச் சென்றதே, அதை எவ்வாறு மறந்தார்கள்? 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தலைநகரான டில்லியிலேயே நோயாளிகள் மூச்சுக்குத் தவித்தனர். அதே நேரத்தில் கிழக்குப் பிரதேசத்து எஃகாலைகளில் பிராணவாயு இருந்தது. ஒரு லிட்டர் திரவப் பிராணவாயு ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். ஆகவே திரவமாகக் கொண்டுவந்தாலன்றிப் பல்லாயிரம் பேருக்கு அதைக் கொடுக்க இயலாது. சாதாரண அழுத்தத்தில் அது திரவமாக நிற்க வேண்டுமானாலோ, பூஜ்யத்துக்கும் கீழே 183 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். அக்குளிரைக் காக்கும் தாங்கி வண்டிகள் போதவில்லை. ரயில்வேயார் அவ்வண்டிகளையே ரயிலில் ஏற்றி, ‘ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரால் ஊரூராக ஓட்டினர். ஒரு பொருள் வாயு நிலையில் இருந்ததா, திரவ நிலையில் இருந்ததா என்ற கேள்வியில் உயிர்கள் ஊசலாடின. அடுத்த ஆண்டே, அந்நோயின் பெயரைச் சொல்லியே, பொருளின் நிலைகளைப் பற்றிய பாடம் நீக்கப்பட்டது. இதைக் காட்டிலும் விபரீதம் ஒன்று உண்டோ?

இப்பாடம் கீழ் வகுப்புகளில் வந்துவிடுகிறது என்றும், வாயுக்களின் இயக்கம் பௌதிகத்தில் வருகிறது என்றும் சிலர் சமாதானம் சொல்வர். கீழ் வகுப்பில் வருவது பெயர் மாத்திரமே. பௌதிகத்தில் வருவது இயக்கத்தின் கணக்கு. ஒரு பொருள் ஏன் இந்நிலையில் நிற்கிறது என்பதற்கு விடை சொல்வது ரசாயனமே. நீரின் மூலக்கூற்று எடை 18. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் துர்நாற்ற வாயுவின் மூலக்கூற்று எடை 34. கனம் குறைந்த நீர் வாயுவாகவும் கனம் மிகுந்த மற்றது திரவமாகவும் இருக்கவேண்டும் என்றல்லவா தோன்றும்? உண்மை நேர்மாறானது. நீர் 100 டிகிரியிலேதான் கொதிக்கிறது; ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யத்துக்கும் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகி விடுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பினால் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பதே காரணம். அப்பிடி இல்லையேல் கடலுமில்லை, காவிரியுமில்லை, நாமுமில்லை. பொருளின் நிலை அதன் துகள்களின் உறவைப் பொறுத்தது என்னும் இவ்வுண்மையை அறியாதவன் ரசாயனத்தில் எவ்வளவு தூரம் செல்ல முடியும்?

இது வெறும் ஏட்டு வாதமன்று என்பதற்குச் சென்னைக்கு மேற்கே உள்ள திருமுல்லைவாயிலை எடுத்துக் கொள்வோம். மாசிலாமணீசுவரர் ஆலயமும் அதன் எருக்கந் தூண்களும் இவ்வூருக்குப் பழம் பெருமை. புதிய காலத்தில் இதற்குக் கிடைத்த நிலையோ தொழிற்சாலைகளின் நடுவில் அகப்பட்ட ஊர் என்பது. கிழக்கே 1960-களில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மேற்கே 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை. ஊருக்குள்ளேயே பெண் தொழில் முனைவோருக்கென்று சிட்கோ அமைத்த தொழிற்பேட்டை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச மாதிரிச் சமுதாயத்தை லட்சியமாக ஏற்றதைத் தேசத் தொண்டர் யாவரும் அறிவர். அந்த லட்சியத்தின் பின்னே தொழில் வந்தது. தொழிலின் சாஸ்திரம் தொழிலாளியின் வீட்டுக்கு வந்ததா என்பதே நமது கேள்வி.

இப்பகுதியில் தகப்பன் உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கிறான். இரும்பு 1,538 டிகிரியில் உருகும் என்பதைப் புத்தகம் பாராமலே அவன் கண் மதிப்பிடுகிறது. பற்ற வைப்பவன் அசிடிலீன் கலத்தை நிமிர்த்தியே வைக்கிறான். அக்கலத்தினுள் அந்த வாயு அசிடோன் என்னும் திரவத்திற் கரைந்து நிற்கிறது, கலத்தைச் சாய்த்துப் பயன்படுத்தினால் திரவமும் சேர்ந்து வெளிப்பட்டு ஆபத்தாகும் என்ற காரணத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? அவன் மகனோ பள்ளியில் ‘திடப் பொருளுக்கு உருவமும் பருமனும் உண்டு, திரவத்துக்குப் பருமன் மாத்திரம் உண்டு, வாயுவுக்கு இரண்டுமில்லை’ என்று பாராயணம் செய்கிறான். தகப்பன் கையில் பொருள் இருக்கிறது, காரணம் இல்லை. மகன் வாயில் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. ஒரே கூரையின் கீழ் இவ்விரண்டும் சந்திக்காமலே இருக்கின்றன. பின்னர் அம்மகன், ரசாயனம் தனக்கு ஏற்றதன்று, அது வேறு யாருக்கோ உரியது என்று ஒதுங்கி விடுகிறான். ஏழைத் தொழிலாளியின் குழந்தை சாஸ்திரத்தினின்று விலக்கப்படுவது இவ்விதமே.

சாஸ்திரம் அறியாத ஜாதி என்ன விலை கொடுக்கும் என்பதற்கு நமது சென்னையின் சரித்திரமே சாட்சி. 1842-ல் பிரெடரிக் டூடர் என்னும் அமெரிக்க வியாபாரியின் கம்பெனி சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. பின்னர் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டிடம் அதுவே. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து கப்பல்கள் அப்பனிக்கட்டியைக் கொணர்ந்தன. வெயிலில் அது உருகிப் போகாதோ? ஒரு கிராம் பனிக்கட்டி நீராவதற்கு 80 கலோரி உஷ்ணம் வேண்டும். மரத்தூள் அவ்வுஷ்ணத்தை எளிதில் உட்புக விடாது. இதை அறிந்தவன் தன் ஊர் ஏரியை நமக்கு விற்றான். 1856 ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்தினின்று வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. இன்று திருமுல்லைவாயில் நிலையத்தின் வழியே செல்லும் பாதை அதுவே. கொதிநீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது என்ற ஒரே உண்மையின்மேல் அந்த எஞ்சின் ஓடியது. அந்த ரயிலும் அந்நியக் கம்பெனிக்குரியது. நீரின் திட நிலையை அமெரிக்கன் விற்றான். ஆவி நிலையை ஆங்கிலேயன் விற்றான். ஏரி நிறையத் திரவ நீரை வைத்துக்கொண்டு நாம் இரண்டையும் விலைக்கு வாங்கினோம்!

ஆகையால் இப்பாடம் இருக்கவேண்டும் என்று மாத்திரம் நாம் கோரவில்லை. அது நடத்தப்படும் முறையும் மாறவேண்டும் என்கிறோம். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்பவர் கருமான் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். குளோரின் வாயுவை 1823-ல் திரவமாக்கிக் காட்டியவர் அவரே. அவர் சிறுவர்களுக்கு ரசாயனம் போதிக்க எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. அவ்வுபந்நியாசங்கள் 1861-ல் புத்தகமாகி உலகமெங்கும் பரவின. நமக்கு மெழுகுவர்த்தியும் வேண்டுவதில்லை, அகல் விளக்கே போதும். மார்கழிக் குளிரில் உறைந்த நெய்யை அகலில் இட்டுத் திரியை ஏற்றினால், திட நெய் உருகித் திரவமாகி, திரியில் ஏறி, ஆவியாகிச் சுடரில் எரிகிறது. மூன்று நிலைகளும் ஒரு சாண் இடத்திற்குள் கண்முன்னே நிற்கின்றன.

நமது வீடுகள் முழுவதுமே இவ்வாறு சோதனைச் சாலைகள். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகுவது. ஆதலால் சென்னையில் மார்கழி விடியலில் உறைந்தும் பகலில் இளகியும் அதுவே நிலைமாற்றத்தைப் போதிக்கிறது. ஆலயத்தில் ஏற்றாமல் திறந்து வைத்த கற்பூரம் திரவமாகாமலே கரைந்து மறைகிறது. மண்பானையின் மேற்புறத்தில் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரினின்று உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. கோடையில் தண்ணீர் குளிர்வது அதனால்தான். குல்பி விற்பவர் பனிக்கட்டியில் உப்பைச் சேர்த்துப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்விக்கிறார். உஷ்ணமானியும் கடிகாரமும் இருந்தால் இன்னும் நுட்பமான உண்மையையும் காட்டலாம். பனிக்கட்டிக் குளிர்ச்சியில் இருந்த நீர் ஓர் அடுப்பில் பத்து நிமிஷத்தில் கொதி நிலையை அடையுமாயின், அதே அடுப்பில் அந்நீர் முழுவதும் ஆவியாக மேலும் 54 நிமிஷங்கள் ஆகும். அவ்வளவு நேரமும் உஷ்ணமானி 100 டிகிரியை விட்டு நகராது. அத்தனை உஷ்ணமும் எங்கே போயிற்று என்று ஒரு பையன் கேட்பானாயின், அவன் ரசாயன மாணாக்கனாகி விட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். துகள்களின் பிடியைத் தளர்த்துவதில் அது செலவாயிற்று. ஆவி மீண்டும் நீராகும்போது அத்தனையும் திரும்ப வெளிப்படும். கொதிநீர்ப் புண்ணைவிட ஆவிப் புண் கொடியது என்று இட்லிப் பானையைத் திறக்கும் தாய்மார் அறிந்திருக்கிறார்களே, அதன் காரணமும் இதுவே.

சமையலறையில் நிற்கும் எரிவாயுக் கலம் மற்றொரு பாடம். அதிலுள்ள 14.2 கிலோவில் பெரும்பகுதியும் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டது. வெளிப்பட்டால் ஏறத்தாழ 250 மடங்காக விரியும். காற்றைவிடக் கனமானதால் மேலே போகாமல் தரையோரமாகத் தங்கும். ஆகவே கசிவு தோன்றினால் விளக்கு விசையைத் தொடாமல் கதவு சன்னல்களைத் திறப்பதே முதற் காரியம். இதை எச்சரிக்கைச் சீட்டில் அச்சடித்து ஒட்டுவதால் மாத்திரம் பயனில்லை. காரணம் தெரிந்தவனே ஆபத்துக் காலத்தில் தடுமாறாமல் நடப்பான்.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரமே விடை கூறும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே தமிழின் வாயிலாக வைத்தியம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற ரசாயன நூல் 1875-ல் அச்சேறியது. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். தேசத் தொண்டிலும் சிறைவாசத்திலும் காலங் கழித்த அதே ராஜாஜி, 1930-களில் ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு நூல் எழுதினார். பல்கலைக்கழகத்து மண்டபத்துக்குரியதென்று கருதப்பட்ட சாஸ்திரத்தைத் திண்ணைக்குக் கொண்டு வந்தது அப்பெயர். சாஸ்திரம் ஜனங்களிடம் போகாமல் சுயராஜ்யம் நிலைக்காது என்பதை அன்றைய தலைவர்கள் உணர்ந்திருந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது பெரும்பாலும் சொற்போர். கெமிஸ்தம் ரசாயனமாயிற்று, ரசாயனம் வேதியியலாயிற்று. திடம், திரவம், வாயு என்று ஒரு தலைமுறை படித்தது. திண்மம், நீர்மம், வளிமம் என்று மற்றொரு தலைமுறைக்குச் சொன்னார்கள். நல்ல தமிழ்ச் சொற்கள் வருவதை நாம் வரவேற்கிறோம். பழகிய சொற்களைப் பகைக்கவும் மாட்டோம். ஆனால் ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு பெயரும் பதினோராம் வகுப்பில் மற்றொரு பெயருமாக மாணாக்கனை அலைக்கழிப்பது தகாது. எச்சொல்லை ஆளினும் இணைச்சொல்லையும் ஒருமுறை எடுத்துரைத்து, உடனே பொருளைக் கையிற் கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும். உருகும் நெய்யைக் கண்டவனுக்குத் திரவமும் நீர்மமும் ஒன்றே.

நிலைகள் மூன்றோடு நின்றுவிடவில்லை என்பதையும் மாணாக்கர் அறியவேண்டும். மேலும் உஷ்ணமேற்றினால் அணுக்களே மின்னூட்டம் பெற்றுப் பிளாஸ்மா என்ற நான்காம் நிலை உண்டாகிறது. சூரியனும் மின்னலும் அந்நிலையின. அம்பத்தூர்ப் பட்டறையில் மின்சாரப் பற்றவைப்பில் கண்ணைப் பறிக்கும் சுடரும் அந்நிலையதே. உஷ்ணத்தால் அணுக்கள் அவ்வாறு மின்னூட்டம் பெறும் கணக்கை 1920-ல் வகுத்தவர் மேகநாத சாஹா. சத்தியேந்திரநாத போஸ் 1924-ல் எழுதிய கட்டுரையினின்று ஐன்ஸ்டீன் முன்கூட்டி உணர்ந்த மற்றொரு நிலையை 1995-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கடுங்குளிரில் உண்டாக்கிக் காட்டினர். அது போஸின் பெயரைத் தாங்குகிறது. திரவங்களும் ஆவிகளும் ஒளியைச் சிதறச் செய்வதை ஆராய்ந்தே 1928-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனின் துணையோடு, உலகப் புகழ் பெற்ற விளைவைக் கண்டார். அடிமை நாட்டில், குறைந்த கருவிகளோடு பொருளின் நிலைகளை ஆராய்ந்து உலகை வியக்க வைத்தவர்களின் தேசத்தில், சுதந்திரம் பெற்ற பின் அப்பாடம் மிகையென்று தள்ளப்படலாமா?

ஆகவே நாம் கோருவன இவை. நீக்கிய அத்தியாயங்களைத் தேசியக் கல்விக் குழு மீண்டும் சேர்க்கவேண்டும். சுமை குறைய வேண்டுமாயின் மனப்பாடத்தைக் குறைக்கட்டும். தமிழ்நாட்டு அரசு தன் பாடங்களைக் காத்து நிற்பதோடு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அடுப்பு, உஷ்ணமானி, தராசு, பனிக்கட்டி ஆகியவற்றுக்குரிய சிறு தொகையை ஆசிரியர் கையிலேயே கொடுக்கவேண்டும். பெரிய கட்டிடங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் தொழிற்கூடங்களின் முதலாளிகள் தக்க பாதுகாப்போடு ஆண்டுக்கொரு நாளேனும் மாணாக்கருக்குக் கதவைத் திறக்கவேண்டும். உலோகம் உருகி அச்சில் இறங்குவதை ஒருமுறை கண்ட பையன் திரவம் என்பதற்கு இலக்கணம் நெட்டுருப் பண்ண மாட்டான்.

அரசியல் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தெருக்கூட்டங்களில் கல்வி உரிமையைப் பற்றி நாம் முழங்குகிறோம், அம்முழக்கம் அவசியமே. ஆனால் நமது படிப்பகங்களில் மாலை வேளையில் ஓர் அகல் விளக்கையும் ஒரு பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு ஊர்ச் சிறுவர்களுக்கு இரண்டு நாழிகை விஷயம் விளங்கச் செய்வதும் தேசத் தொண்டே. பட்டறைத் தொழிலாளியையே அங்கே அழைத்து, அவர் அறிந்ததைச் சொல்லச் சொல்லலாம். ஆசிரியர் காரணத்தைச் சேர்த்துச் சொல்லட்டும். தகப்பனுடைய கைத்திறனும் மகனுடைய பாடமும் அன்று முதன்முறையாகச் சந்திக்கும். ராமன் விளைவின் நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. வருகிற அத்தினத்தில் மாலையும் மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல், திருமுல்லைவாயிலின் திண்ணை ஒன்றிலேனும் இப்பாடம் தொடங்கட்டும்.